பின்சுவரில் போன வழி

அத்தியாயம் 6

"பேய் குடியிருக்கிற வூட்டுக்கு எதுக்கும்மா பூட்டு? அது இன்னா சைக்கிளா, எவனாவது ஓட்டிக்கினு பூடுவான்னு பயப்பட?"

ஜீப்பை நிறுத்திவிட்டு டிரைவர் குழந்தைவேல் இப்படிக் கேட்டபோது சிவகாமசுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அந்த மனிதரின் வாய்க்குப் பயந்தே ஆபீஸில் பாதிப் பேர் அவர் ஜீப்பில் ஏறுவதில்லை. அவளுக்கு மட்டும் அந்த வாய் பிடித்துப் போயிருந்தது. ஆனால் இன்று காலனிக்குள் கால் வைத்ததுமே அவள் பார்வை காலி வீடுகளின் பக்கம் போய்விட்டது.

ஏரிக்கோடி காலனி. பாகூர் ஏரிக்குக் கீழே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில், வீடில்லாத ஏழைகளுக்கென்று அரசாங்கம் கட்டிய கான்கிரீட் வீடுகள் வரிசையாக நின்றன. கட்டி முடித்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. குடிவந்த சனங்கள் வந்த வேகத்தில் ஏரிக்கரைக் குடிசைக்கே திரும்பிவிட்டார்கள். கதவுகள் காற்றுக்கு அடித்துக்கொண்டன. ஒரு வீட்டுச் சுவரில் ஏதோ குழந்தை கரியால் கிறுக்கிய கோழி மட்டும் குஞ்சு குட்டியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

சிவகாமசுந்தரி வில்லியனூர் மளிகைக் கடைக்காரர் மகள். சென்னையில் எம்.ஏ. படிக்கிறவள். படிப்பின் கடைசிப் பகுதியாக வீட்டு வசதி ஆபீஸில் இரண்டு மாதம் பயிற்சி. அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான்: சும்மா கொடுத்தும் ஏழைகள் ஏன் இந்த வீடுகளில் குடியேற மாட்டேன் என்கிறார்கள் என்று விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். நாளைக்குக் கெடு. ஆபீஸர் நல்ல மனிதர். கேள்வியோடு பதிலையும் கையில் கொடுத்திருந்தார். 'மூட நம்பிக்கைன்னு எழுதும்மா. கான்கிரீட் சூடு ஒத்துக்கலைன்னு ஒரு வரி சேத்துக்க. முடிஞ்சு போச்சு.'

முடிந்துதான் போயிருக்கும், காசம்மாள் ஜீப்பை மறிக்காமல் இருந்திருந்தால்.

ஊரே பேய்க்குப் பயந்து ஓட, அந்தக் காலனியில் குடியேறத் துடித்த ஒரே மனுஷி காசம்மாள். ஒன்பதாம் நம்பர் வீடு அவள் கணவன் பக்கிரியின் பேரில் ஒதுக்கப்பட்டது. காலனி கட்டும்போது பக்கிரிதான் அங்கே வாட்ச்மேன். போன வருஷம் ஆனி மாதம் ஒரு நாள் அவனைக் காணோம். கூடவே சிமென்ட் மூட்டைகளையும் காணோம். இரண்டையும் முடிச்சுப் போட ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 'திருடிக்கினு ஓடிட்டான்' என்று கொம்யூன் பஞ்சாயத்து முழுக்கப் பேச்சாகிவிட்டது. அவன் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வீடு. வராவிட்டால் நாளைய அறிக்கையோடு அவன் ஒதுக்கீடும் ரத்து.

"எங்கூட்டுக்காரரு திருடல தாயி," என்று காசம்மாள் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நெற்றி நிறையக் குங்குமம், தலையில் கனகாம்பரம். "எங்கியோ இருக்காரு. எங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லு. வூடு போனாக்கூட போவுது, அந்தப் பேரு போவணும்."

அந்தப் பேரைத் துடைக்கத்தான் சிவகாமசுந்தரி இப்போது ஒன்பதாம் நம்பர் வீட்டு வாசலில் நிற்கிறாள். பேய் முதன்முதலில் தெரிந்ததும் அந்த வீட்டில்தான். பூட்டிய வீட்டுக்குள் அந்தி நேரத்தில் விளக்கு எரிந்ததாம்.

சாவியைக் கொண்டுவந்தவர் மணவாளன். காலனியைக் கட்டிய மேஸ்திரி. காசம்மாளின் கூடப் பிறந்த அண்ணன். புருஷன் ஓடிப்போன தங்கச்சியைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போடுகிற தங்கமான மனிதர் என்று பாகூரில் பேர். சாவியை நீட்டியவர், படிக்கட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"நீங்க வரலியா மேஸ்திரி?"

"வேணாம் பாப்பா. நீங்க பாத்துட்டு வாங்க. என் மச்சான் பண்ண காரியத்துக்கு அந்த வூட்டப் பாத்தாலே எனக்கு ஒடம்பு கூசுது."

"கட்டினவரே உள்ள வர மாட்டறாரு," என்று குழந்தைவேல் அவள் காதருகே முணுமுணுத்தார். "கூரை மேல அவ்ளோ நம்பிக்கை."

உள்ளே ஒரே அறை. மழை மேகம் கட்டியிருந்ததால் பகலிலேயே மங்கல். ஈரச் சுண்ணாம்பு வாடையோடு வேறொரு வாடையும் இருந்தது. பழைய எண்ணெய் வாடை. அவள் குனிந்து தேடினாள். அறையின் நடுவில், சிமென்ட் தரையில், கருத்த வட்டமாக ஒரு எண்ணெய்க் கறை. அகல் வைத்த இடம். ஒரு நாள் இரண்டு நாள் வைத்தால் இவ்வளவு ஊறாது.

"பாத்தீங்களாண்ணே? பேய்க்கு எதுக்கு எண்ணெய்?"

"தலைக்குத் தேச்சிக்கும். விரிச்சிப் போட்ட முடின்னா சும்மாவா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மற்ற வீடுகளில் எல்லாம் ஒரு பக்கச் சுவரில் தலைக்கு மேலே சாமான் வைக்கக் கான்கிரீட் பரண் நீட்டியிருந்தது. இங்கே பரண் இல்லை. இருந்த இடத்தில் உடைந்த கம்பி முனைகளை மடக்கி, மேலே சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். அதற்கு நேர் கீழேதான் அந்த எண்ணெய்க் கறை.

குழந்தைவேல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சுவரைச் சுரண்டினார். பொலபொலவென்று மணல் கொட்டியது. "இன்னாம்மா இது, சுவரா பொரி உருண்டையா? சிமென்ட்ட சாமிக்குப் படைக்கிற மாதிரி காட்டிட்டு எடுத்துட்டான் போல."

சுரண்டிக்கொண்டே போனவர் பின்சுவரின் கீழ்ப்பகுதிக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவர் சறுக்கியது. மறுபடி அழுத்தினார். கோடுகூட விழவில்லை.

"அட! இந்தக் காலனியிலியே யோக்கியமா சிமென்ட் போட்ட எடம் இது ஒண்ணுதாம்மா."

சிவகாமசுந்தரி பக்கத்தில் உட்கார்ந்து கையால் தடவினாள். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஒரு சதுரம். இடித்துவிட்டுத் திரும்ப அடைத்தது. ஓரங்களில் பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேராமல் மயிரிழை விரிசல் ஓடியது.

"கன்னம் வச்சிருக்கான்," என்றார் குழந்தைவேல். "சிமென்ட் திருடின வழி இதான்."

"வாசல் சாவியே வாட்ச்மேன் இடுப்புல இருக்கும்போது அவன் ஏன் சுவத்த இடிக்கணும்? அவனைக் கொண்டுபோனவங்களுக்குத்தான் வாசல் ஆகாமப் போயிருக்கு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

வில்லியனூரில் அவர்கள் வீட்டிலும் இப்படி ஒரு சதுரம் உண்டு. பெரியப்பா அவிட்ட நட்சத்திரத்தில் போனார். அந்த நட்சத்திரத்தில் போனவரை வாசல் வழியாக எடுத்தால் அதே வழியாக இன்னொரு உயிரையும் கூட்டிக்கொண்டு போவார் என்று, உள்ளறையின் பின்சுவரை இடித்து அந்த வழியாக எடுத்தார்கள். பிறகு அதை அடைத்து, அறையைப் பூட்டி, ஆறு மாதம் அடைப்பு. யாரும் உள்ளே புழங்கக் கூடாது. உயிர் போன இடத்தில் அந்திக்கு அந்தி ஒரு விளக்கு மட்டும் வைப்பார்கள். சின்ன வயசில் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்து, முதுகுக்குப் பின்னால் யாரோ விசும்புவதாக நினைத்து வியர்த்துக் கிடந்த ராத்திரிகள் எத்தனையோ. படித்தாள், பட்டம் வாங்கினாள், பட்டணம் போனாள். அந்தப் பயம் மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை.

"இந்த வீட்டுல ஒருத்தர் செத்திருக்கார்ணே. அடைப்பு நட்சத்திரத்துல."

குழந்தைவேல் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வெளிய போயிப் பேசலாம்மா," என்றார் பிறகு. "இங்க வேணாம்."

ஏரிக்கரைக் குடிசைகள் தண்ணீருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்தன. ஐப்பசி மழை வலுத்தால் ஏரி நேராகப் படுக்கைக்கே வந்துவிடும். காலனிக்குக் குடிபோய் முதலில் திரும்பி வந்தவள் தனக்கொடி. நண்டைச் சுத்தம் பண்ணிக்கொண்டே பேசினாள்.

"வூடு வேணாம்னு எவளாவது சொல்வாளாம்மா? பால் காய்ச்சி, புது முறத்துல உப்பு, மஞ்சளெல்லாம் எடுத்துக்கினுதான் போனோம். அப்பத்தான் அந்த ஒம்போதாம் நம்பரு வூட்டுல வௌக்கு. வெளியில பூட்டு தொங்குது, உள்ள சன்னல் சந்துல வெளிச்சம். தெனமும். நாங்க வௌக்கு வைக்கிற அதே நேரத்துக்கு அதுவும் வைக்கும். எம்புள்ள சன்னிகண்டு கெடந்தான். இருக்க முடியுமா?"

"மொதல்ல எப்பப் பாத்தீங்க?"

"ஆனி கடைசியிலியே கரையில இருந்து தெரிஞ்சிது, வேலக்காரங்கன்னு நெனச்சோம். அப்ப வேல கூட முழுசா முடியல. நாங்க குடிபோனது ஆடி கழிச்சி."

"இப்பவும் எரியுதா?"

"இல்லியே. மார்கழியோட நின்னுப் போச்சி. அப்பறம் தை பொறந்ததும் அந்த வூட்டத் தொறந்து கழுவி வுட்டாங்க. வௌக்கு நின்னா பேய் பூடுச்சுன்னா அர்த்தம்? எந்த வூட்டுல பூந்துக்கிச்சோன்னுதான் யாரும் போவல."

ஆனியிலிருந்து மார்கழி. ஆறு மாதம். சிவகாமசுந்தரி குழந்தைவேலைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.

"பேயின்னா அமாவாசை, பௌர்ணமின்னு கணக்கு வச்சிக்கும்," என்றார் ஜீப்பில் ஏறியதும். "சரியா ஆறு மாசத்துக்கு வாடகைக்கு வந்துட்டுப் போற பேய இப்பத்தான் பாக்கறேன். இது காலனிய எடுத்துக் கட்டின கன்ட்ராக்டர் வேலதாம்மா. சிமென்ட்ட வித்துத் தின்னுட்டான். பரண் இடிஞ்சி பக்கிரி மேல வுழுந்திருக்கு. செத்தவன் தலையிலியே திருட்டையும் கட்டிட்டான். ஆவி புடிச்சிக்குமேன்னு பயந்து சுவத்த இடிச்சி, வௌக்கும் வச்சிருக்கான். போலீசுக்குப் பயப்படாதவன்லாம் பேய்க்குப் பயப்படுவான்."

கோர்வையாகத்தான் இருந்தது. ஆனாலும் நேரில் பார்க்காமல் எழுதக் கூடாது என்று அவளுக்குக் காலேஜில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

கன்ட்ராக்டர் வைத்தியலிங்கத்துக்குப் பாகூர் கடைத்தெருவில் இரும்புக் கடை. வாங்கம்மா உக்காருங்கம்மா என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்று, கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்.

"காலனி வேலை நடந்தப்ப ஏதாவது விபத்து நடந்ததுங்களா? அறிக்கைக்குத்தான் கேக்கறேன்."

"விபத்தா? ஒரு எறும்பு சாவல. திருட்டுதான் போச்சி. அந்த வாட்ச்மேன் பய பூட்டான். என் நேரம்."

கண் இமைக்கவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அது பயந்தவனின் பொய்யாக இல்லை. அவர் தலைக்குப் பின்னால் மாலையும் கழுத்துமாக நிற்கும் ஜோடியின் பெரிய கல்யாண போட்டோ ஒன்று மாட்டியிருந்தது.

"உங்க பொண்ணுங்களா?"

"ரெண்டாவது பொண்ணு. போன வருசம் ஆவணியில முடிச்சேன். நெட்டப்பாக்கத்துல இருந்து பனித்திட்டு வரைக்கும் ஒரு வூடு வுடாம வந்து சாப்பிட்டுப் போனாங்க." முகம் பூரித்துவிட்டது. "எங்க மேஸ்திரி பொண்ணுக்கும் அதே ஆவணியில தேதி வச்சிருந்தான். ஒரே பந்தல்ல முடிச்சிடுடா, உன் பங்கையும் நானே பாத்துக்கறேன்னேன். மொதல்ல தலைய ஆட்டினவன், ஆடி பொறந்ததும் முடியாதுன்னுட்டான். தையிலதான் வைப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னான். வர்ற சீதேவிய காலால ஒதைக்கிற பய."

அவள் சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

ஜீப் கடைத்தெருவைத் தாண்டியதும், "வண்டிய ஓரமா நிறுத்துங்கண்ணே," என்றாள்.

"இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப் போச்சி? சோடாவுல ஏதாவது கலந்துட்டானா? சிமென்ட் கலந்திருக்க மாட்டான், அது மட்டும் நிச்சயம்."

"அடைப்பு யாருக்குண்ணே?"

"யாருக்குன்னா? செத்தவன் வூட்டாளுங்களுக்கு."

"வழியில போறவனுக்கு உண்டா? வேலைக்கு வச்ச மொதலாளிக்கு உண்டா?"

குழந்தைவேல் எஞ்சினை அணைத்தார்.

"கன்ட்ராக்டர் அந்த ஆறு மாசத்துக்குள்ளதான் பொண்ணு கல்யாணத்த ஊரைக் கூட்டிப் பண்ணியிருக்கார். சுவத்த இடிச்சு வௌக்கு வைக்கிற அளவுக்குப் பயந்தவன் அதே ஆறு மாசத்துல சொந்தப் பொண்ணுக்குத் தாலி கட்ட வைப்பானா? பக்கிரி சாவு அவருக்கு அந்நியச் சாவு. தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவார். வாசல் வழியாத் தூக்கினாலும் அவருக்கு ஒண்ணும் இல்ல. சுவத்த இடிச்சது, விளக்கு வச்சது, தேதி குறிச்ச கல்யாணத்தத் தைக்குத் தள்ளினது, இதெல்லாம் செத்தவனுக்குச் சொந்தக்காரன் செய்யறது. சொந்தச் சாவுக்குத்தான் மனுஷன் அடைப்புக் காப்பான்."

"சொந்த மச்சான் மேஸ்திரியா?" குழந்தைவேலின் குரல் இறங்கிவிட்டது. "அடப்பாவி. அந்தப் பொண்ணு அவன் வூட்டுலதானம்மா பூவும் பொட்டுமா சுத்திக்கினு இருக்குது."

சிவகாமசுந்தரிக்கு அழுகை வந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் துளிகூட இல்லை. எங்கேயோ இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் போய், இல்லை என்று சொல்ல வேண்டும். அதைவிடக் கொடுமை, யாரால் என்றும் சொல்ல வேண்டும்.

மணவாளன் வீடு ஓட்டு வீடு. அவர் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். தூறல் தொடங்கியிருந்தது. காசம்மாள் உள்கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மணவாளன் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். தனியாகப் பேசிவிட வேண்டும் என்று சிவகாமசுந்தரி அவர் பக்கத்திலேயே போய் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மேஸ்திரி, உங்க பொண்ணு கல்யாணத்த ஆவணியிலிருந்து தைக்கு ஏன் தள்ளினீங்க?"

"கையில இல்ல பாப்பா."

"பந்தல் செலவு தன்னுதுன்னு கன்ட்ராக்டர் சொன்னாரே?"

செம்பிலிருந்த தண்ணீர் காலில் விழாமல் தரையில் கொட்டியது.

"ஒம்போதாம் நம்பர் வீட்டுப் பின்சுவத்த நல்ல கலவை போட்டு அடைச்சிருக்கீங்க. காலனி முழுக்க மணலை அடிச்ச அதே கைதான். தங்கச்சி வீட்டுச் சாவுன்னதும் அந்தக் கைக்கு மனசு வரல. ஆறு மாசம் அந்தி தவறாம போயி விளக்கு வச்சதும் நீங்கதானே?"

"எந்த வௌக்கு?"

கேட்டது மணவாளன் இல்லை. முறத்தோடு எழுந்து வந்து நிலையருகே காசம்மாள் நின்றிருந்தாள்.

அவள் தானே பேசினாள். ரொம்ப நாளாக யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறவள்போல மெதுவாக.

"போன வருசம் ஆவணியில நான் அந்த வூட்டுக்குப் போனேன் தாயி. யாருக்கும் தெரியாது. அந்தி மசங்குற நேரம். உள்ள வௌக்கு எரிஞ்சிது. எனக்குப் பயமே இல்ல. சன்னல் பலகையத் தட்டி, 'யோவ், நீயா?'ன்னு கேட்டேன். வௌக்கு பொசுக்குன்னு அணைஞ்சிது. ஆனா உள்ள யாரோ மூச்சு வுடுற சத்தம் கேட்டுச்சி. அவருதான்னு நெனச்சேன். ஏதோ பயந்துக்கினு ஒளிஞ்சிருக்காரு, வெளியில வந்தா புடிச்சிப்பாங்கன்னு பேசாம இருக்காருன்னு நெனச்சேன். அதாலதான் அந்த வூடு வேணும்னு அலையறேன்." அவள் அண்ணனைப் பார்த்தாள். "உள்ள இருந்தது நீயாண்ணே?"

மணவாளன் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் காசம்மா. வாயப் பொத்திக்கினு உக்காந்திருந்தேன். நீ எத்தினி தரம் கூப்ட்ட, எனக்குத் தெரியும். அத்தினி தரமும் எனக்கு உசுரு போச்சி."

பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். பரணைத் தாங்கியிருந்த சாரத்தைப் பிரித்த அன்றைக்கே பக்கிரி அதன் கீழே படுத்திருக்கிறான். கன்ட்ராக்டர் சிமென்ட்டை வெளியில் விற்றுவிட்டு மணலை அள்ளிப் போடச் சொன்ன பரண், ராத்திரி அவன்மேல் இடிந்து விழுந்துவிட்டது. விடியும்போது மணவாளன் போய்ப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. 'கலவை போட்டவன் நீ. வெளியில தெரிஞ்சா மொதல்ல உள்ள போறவன் நீதான். ஓடிட்டான்னு சொல்லிடு, சிமென்ட் கணக்கும் அதுல அடைஞ்சிடும்' என்றார் வைத்தியலிங்கம். உடம்பைச் சாக்கில் சுற்றி வாசல் வழியாகவே எடுத்துப் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அன்னிக்கு அவிட்டம். சனிக்கெழம வேற. சனிப்பொணம் தனிப் போவாதுன்னு சொல்லுவாங்க. வாசல் வழியா எடுத்தா அடுத்து உன்னத்தான் கூட்டிக்கினு போவும்னு எனக்குப் பயம். நான் ஒருத்தனா சுவத்த இடிச்சேன். ஒருத்தனா எடுத்துக்கினு போயி பெண்ணையாத்தங்கரையில பொதைச்சேன். கல்லு வச்சிருக்கேன். வாசல பூட்டிட்டு, பலகையால மறைச்சிருந்த அந்த ஓட்டை வழியா பூந்து தெனம் வௌக்கு வச்சேன், தையிலதான் அத அடைச்சேன். உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான் எல்லாம் செஞ்சேன்."

அதில் பொய் இல்லை. தங்கச்சியின் உயிருக்கு அவ்வளவு பயந்த மனிதன், அவள் வாழ்க்கையை மட்டும் அந்தச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டான். சிவகாமசுந்தரிக்கு அவர்மேல் கோபம் பொங்கியது; அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

காசம்மாள் அழவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். குனிந்தவள் நிமிர நேரமாயிற்று.

"தெனம் ராத்திரி அவருக்குன்னு ஒரு தட்டு சோறு எடுத்து மூடி வச்சேன். வந்தா பசியோட வருவாருன்னு. காலையில அதுல தண்ணி ஊத்தி வெங்காயம் கடிச்சிக்கினு நீதானண்ணே குடிச்ச? ஒரு வருசமா குடிச்சியே. ஒரு நாளாவது தொண்டையில நிக்கலியா?"

மணவாளன் இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிச்சிக்காத. நீ அழுதா அவருக்குச் சேராது." அவள் சிவகாமசுந்தரியின் பக்கம் திரும்பினாள். "எழுது தாயி. நாளைக்கிக் குடுக்கணும்னு சொன்னியே, அதுல எழுது. பக்கிரி திருடல. காவல் காத்த எடத்துல செத்தாரு. பரண்ல சிமென்ட் இல்லாம செத்தாரு. மொதல்ல அத எழுது."

"எழுதறேன்."

"அந்த வூட்ட எம் பேருக்குக் கேளு. நான் இருந்துக்கறேன். பேயின்னாலும் எம்புருசன்தான, என்ன இன்னா பண்ணப் போறாரு? நான் அடுப்பு மூட்டினா தனக்கொடியும் வருவா. எல்லாரும் வருவாங்க. சுவத்த மட்டும் தட்டிப் பாத்து நல்ல சிமென்ட்டா போட்டுத் தரச் சொல்லு."

"எழுதிட்டா நான் ஜெயிலுக்குப் போவணும் காசம்மா," என்றார் மணவாளன். மிரட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. தெரியாமல் இருக்கக் கூடாது என்று சொன்னார்.

குழந்தைவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காசம்மாள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். தலையிலிருந்த கனகாம்பரத்தை அவளே உருவி முறத்தில் போட்டாள். தாலியில் கை வைத்தவள், அதை மட்டும் கழற்றவில்லை.

"ஆத்தங்கரையில அந்தக் கல்ல காட்டிட்டுப் போ. அங்க வச்சிக் கழட்டுறேன். கன்ட்ராக்டர் சொன்னதையும் ஒண்ணு வுடாம போலீசுல சொல்லு." அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "அப்பறம் போ. நீ வர்ற வரைக்கும் உனக்கும் ஒரு தட்டு எடுத்து மூடி வைக்கிறேன். நீயாவது உசுரோட இருக்க. வந்து துன்னு."

மணவாளன் எழுந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.